75 வருஷம் முதலிடத்தில் இருந்த 39 இலக்க எண்

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான். ஆடியோவில் அதை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. எழுத்தில் பார்க்கறது சுலபம்:

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

மொத்தம் 39 இலக்கம். இது ஒரு பகா எண். அதாவது 1-ஆலும், தன்னாலும் மட்டும்தான் மீதியில்லாமல் வகுபடும். சுருக்கமாக எழுதினால் 2¹²⁷ − 1. 127 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழிச்சா இந்த எண் கிடைக்கும்.

1876-ல் எதுவார் லூக்கா என்ற 33 வயசு பிரெஞ்சு ஆசிரியர், இது பகா எண்தான்னு அறிவிச்சார். கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. அதற்குப் பிறகு 1951 வரைக்கும் இதைவிடப் பெரிய பகா எண் எதையும் யாராலும் காட்ட முடியல. 75 வருஷம்! கையால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்ச பகா எண்களில் இன்னிக்கும் இதுதான் பெரியது.

எனக்கு இந்தக் கதை பிடிச்சதுக்கு ஊர்க் காரணம் ஒண்ணு இருக்கு. எங்க அம்மா வழி ஊர் கோட்டுச்சேரிமேடு. காரைக்காலிலிருந்து பொறையார் போற பக்கம் இருக்கற கோட்டுச்சேரிப் பகுதி. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவுல புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. லூக்காவின் எண் முதலிடத்தில் இருந்த அந்த 75 வருஷமும் கோட்டுச்சேரிமேட்டில் பறந்தது பிரெஞ்சுக் கொடிதான். ஆனா இந்த எண்ணோட பெயர் அந்த ஊர்ப் பக்கம் யார் காதுக்காவது போயிருக்குமாங்கறது வேற விஷயம். அதுக்கு அப்புறம் வரேன்.

ஒவ்வொண்ணா வகுத்துப் பார்த்தா என்ன?

ஒரு எண் பகா எண்ணான்னு பார்க்க நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வழி ஒண்ணுதான். 2-ஆல் வகு, 3-ஆல் வகு, 5-ஆல் வகு... அந்த எண்ணின் வர்க்கமூலம் வரைக்கும் போனா போதும்.

கோடிங் இன்டர்வியூவில் நாம எழுதற லூப்பும் இதேதான். 127-க்கு இது ஒரு நிமிஷ வேலை. நம்ம 39 இலக்க எண்ணுக்கு? அதன் வர்க்கமூலமே 20 இலக்கம். ஒற்றைப்படை எண்களை மட்டும் எடுத்துக்கிட்டு, வினாடிக்கு ஒரு வகுத்தல்னு தூங்காம போட்டாலும் சுமார் 20,000 கோடி வருஷம் ஆகும். பிரபஞ்சத்தின் வயசே ஏறக்குறைய 1,380 கோடி வருஷம்தான். வினாடிக்கு 100 கோடி வகுத்தல் போடற கம்ப்யூட்டர் ஒண்ணை உட்கார வெச்சாலும் 200 வருஷம் ஓடும்.

ஆக, லூக்கா வகுத்துப் பார்க்கல. பார்த்திருக்கவே முடியாது. அப்போ அவருக்கு எப்படித் தெரிஞ்சது? இந்த எபிசோடின் கேள்வியே இதுதான்.

துறவி கொடுத்த பட்டியல்

கதை 1644-ல் தொடங்குது. மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, ஐரோப்பிய அறிஞர்கள் எல்லாருக்கும் கடிதம் எழுதி, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் கொண்டுசேர்த்தவர். ஒரு புத்தகத்தில் அவர் ஒரு பட்டியல் போட்டார். 2-ஐ எத்தனை தடவை பெருக்கி 1-ஐக் கழிச்சா பகா எண் வரும்? 257 வரைக்கும் அவர் கொடுத்த விடை: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257.

எப்படிக் கண்டுபிடிச்சார்னு அவர் எழுதி வைக்கல. 67-உம் 257-உம் தப்பு. 61, 89, 107 மூணும் விட்டுப்போச்சு. ஆனா அந்தப் பட்டியல் முழுசா சரியா தப்பான்னு முடிவு செய்ய உலகத்துக்கு 300 வருஷம் பிடிச்சது. இந்த வகைப் பகா எண்களுக்கு இன்னிக்கும் மெர்சென் பகா எண்கள்னுதான் பேர்.

பட்டியலில் 31 இருக்கு பாருங்க. 2³¹ − 1, அதாவது 2147483647. கோட் எழுதறவங்களுக்கு இது சொந்தக்கார எண். குறியுள்ள 32 பிட் முழு எண் ஒன்றில் அடங்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு. 2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டுக்காக யூடியூப் தன் பார்வை எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாத்தினது இந்த எண்ணைத் தாண்டப்போறதால்தான். 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலை 8:44:07-க்குப் பழைய கணினிகளின் கடிகாரம் முட்டி நிக்கப்போறதும் இதே எண்ணில்தான்.

இது பகா எண்னு ஆய்லர் 1772-ல் காட்டினார். அவரும் எல்லாத்தையும் வகுக்கல. இந்த எண்ணுக்கு வகுத்தி ஒண்ணு இருந்தா, அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63-ஆகத்தான் இருக்கணும்னு முதலில் நிரூபிச்சார். 46,340 வரை தேட வேண்டிய இடம் சட்டுனு சுருங்கிடுச்சு. மிச்சம் இருந்த சில பகா எண்களை மட்டும் வகுத்துப் பார்த்தார். ஆனாலும் கடைசியில் வகுத்துப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. 127-க்கு அந்த வழி உதவாது.

குறில், நெடில், லூக்கா

லூக்கா ஆமியான் நகரத்தில் 1842-ல் பிறந்தவர். 1870-ல் பிரஷ்யாவோடு நடந்த போரில் பீரங்கிப் படை அதிகாரி. போர் முடிஞ்சதும் மூலேன் என்ற சின்ன ஊரில் பள்ளிக் கணக்கு வாத்தியார். அவருக்கு ஒரு எண் வரிசை மேல அலாதிப் பிரியம்: 1, 1, 2, 3, 5, 8, 13, 21... முந்தைய இரண்டைக் கூட்டினா அடுத்தது. இதுக்கு ஃபிபோனாச்சி வரிசைன்னு பேர் நிலைச்சதே அவரால்தான்.

ஃபிபோனாச்சி 1202-ல் இதை எழுதறதுக்கு முன்னாடியே நம்ம பக்கத்து யாப்பிலக்கணக்காரர்கள் இதைப் போட்டு முடிச்சுட்டாங்க. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நாலு மாத்திரையைக் குறிலும் நெடிலுமாக எத்தனை விதமா நிரப்பலாம்? ஐந்து விதம். ஐந்து மாத்திரையை? எட்டு விதம். 12-ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் இந்த விதியைச் சொல்லியிருக்கார். அவருக்கும் முன்னால் விரகாங்கர் சொல்லியிருக்கார்.

இப்போ ஒரு விசித்திரமான உண்மை. 3-இலோ 7-இலோ முடியற பகா எண் எதையாவது எடுங்க. இந்த வரிசையில் அதற்கு அடுத்த எண்ணாவது இடத்தில் இருக்கறது அந்தப் பகா எண்ணால் வகுபடும். 7-ஐ எடுத்தா 8-ஆவது இடம்: 21. வகுபடுது. 13-க்கு 14-ஆவது இடம்: 377. அது 13 × 29.

நம்ம எண் 727-ல் முடியுது. கடைசி இலக்கம் 7. அது பகா எண்ணா இருந்தா, 'அடுத்த எண்ணாவது இடம்' எது? ஒண்ணைக் கூட்டினா 2¹²⁷. வெறும் இரண்டுகளால் ஆன எண். லூக்காவுக்குக் கதவு திறந்தது இங்கேதான். வெறும் இரண்டுகளால் ஆன இடத்துக்குப் போக, இடத்தை இரட்டிப்பாக்கிக்கிட்டே போனா போதும். 127 தாவலுக்குள்ள போய்ச் சேரலாம். அங்கே வகுபட்டு, அதுக்குப் பாதி வழியில் வகுபடலைன்னா, எண் பகா எண்தான்னு தலைகீழாகவும் நிரூபிக்கலாம். எந்த வகுத்தியையும் தேட வேண்டியதில்லை.

செய்முறை இவ்வளவுதான். 3-இல் தொடங்கு. வர்க்கப்படுத்து, 2-ஐக் கழி, நம்ம எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கோ. திரும்பச் செய். சின்ன உதாரணமா 127-ஐயே எடுப்போம். அது 2⁷ − 1. முதலில் 3. பிறகு 9 − 2 = 7. பிறகு 49 − 2 = 47. பிறகு 2209 − 2 = 2207, மீதி 48. அடுத்து மீதி 16. அடுத்து 256 − 2 = 254, அது 127-இன் இரண்டு மடங்கு, மீதி 0. ஐந்தாவது படியில் பூஜ்யம். 127 பகா எண்.

இதையே 2¹¹ − 1, அதாவது 2047-க்குச் செஞ்சு பாருங்க: 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471, மறுபடியும் 160. முடிவில்லாத லூப். பூஜ்யம் வரவே வராது. 2047 பகா எண் இல்ல. அது 23 × 89. ஆனா 23-ஐயோ 89-ஐயோ தேடாமலேயே நமக்கு அது தெரிஞ்சுபோச்சு.

பெரிய எண்ணுக்கு 125 படி. ஒவ்வொரு படியிலும் 39 இலக்கம் வரைக்கும் போற எண்ணை வர்க்கப்படுத்தணும். இங்கே இன்னொரு சலுகை. 9-ஆல் வகுத்த மீதி வேணும்னா இலக்கங்களைக் கூட்டினா போதும்னு நமக்குத் தெரியும். 9 என்பது 10-க்கு ஒண்ணு குறைவு என்பதால் அது நடக்குது. அதே மாதிரி, 127 என்பது 128-க்கு ஒண்ணு குறைவு. 2207-இல் 17 தடவை 128 போக மிச்சம் 31. 17-ஐயும் 31-ஐயும் கூட்டினா 48. அதுதான் மீதி! வகுத்தலே இல்ல. பைனரியில் எழுதினா, இடது பக்கம் மிஞ்சினதை வெட்டி வலது பக்கம் மடிச்சுக் கூட்டற வேலைதான். லூக்கா இதைச் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட ஒரு பலகையில் காய் நகர்த்தற விளையாட்டாகவே விவரிச்சார்: காய் இருந்தா 1, காலியா இருந்தா 0.

வகுத்தி எங்கே?

அதே 1876-ல் லூக்கா இன்னொண்ணும் சொன்னார். மெர்சென் பட்டியலில் இருக்கற 67 தப்பு. 2⁶⁷ − 1 பகா எண் இல்ல. சரி, அப்போ எதால் வகுபடும்? தெரியாது. பூஜ்யம் வரலை, அவ்வளவுதான்.

நல்லா யோசிச்சா இது சங்கடமான நிலைமை. வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்கன்னு நிரூபிச்சாச்சு. யாருன்னு கேட்டா பதில் இல்ல. 27 வருஷம் கழிச்சு, 1903-ல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் விடையைக் கொடுத்தார்:

193707721 × 761838257287 = 147573952589676412927

அவர் ஒரு வார்த்தை பேசாம கரும்பலகையில் இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டுக் காட்டிட்டு உட்கார்ந்தார்னு ஒரு கதை உண்டு. கண்டுபிடிக்க எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டதுக்கு, 'மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்'னு சொன்னாராம். கதையில் உப்பு மிளகு சேர்ந்திருக்கலாம், பெருக்கல் சரி.

பேரரசும் ஒரு பொம்மையும்

1883-ல் லூக்கா ஒரு மர விளையாட்டை வெளியிட்டார். ஹனோய் கோபுரம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்ச எல்லாரும் ரிகர்ஷன் வகுப்பில் அடிபட்டது இதுகிட்டதான். பெட்டியில் தன் பேரைப் போடாம, 'சயாம் தேசத்து மாண்டரின்' ஒருத்தர் கொண்டுவந்ததுன்னு எழுத்துகளை மாத்திப்போட்ட புனைபெயரில் வித்தார். இந்த விளையாட்டோடு ஒரு கதையும் பரவியது: காசியில் ஒரு கோயிலில் 64 தங்கத் தட்டுகளைப் பூசாரிகள் ராப்பகலா நகர்த்திக்கிட்டு இருக்காங்க, முடிஞ்சதும் உலகம் அழியும். 2⁶⁴ − 1 நகர்த்தல். காசியில் அப்படி ஒரு கோயிலும் இல்ல, தட்டும் இல்ல.

பாரிஸின் வரவேற்பறைகளுக்குக் கிழக்கு அப்படி ஒரு மாயக்கதையா இருந்தது. அதே பத்தாண்டுகளில் அவங்க ஆட்சியில் இருந்த காரைக்கால் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலா தமிழர்கள் ரியூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனாங்க. கரும்புத் தோட்டத்தில் அவங்களுக்குப் பதிவேட்டில் ஆளுக்கொரு எண் இருந்தது. லூக்கா அதுக்குப் பொறுப்பு இல்ல. ஆனா ஒரே கொடியின் கீழே யாருக்கு எண் விளையாட்டாச்சு, யாருக்கு அடையாளமாச்சுங்கறதைச் சொல்லாம கோட்டுச்சேரிமேட்டுப் பேரை இந்தக் கதையில் சேர்க்க எனக்கு மனசு வரல.

லூக்கா 1891-ல், 49 வயசில் இறந்தார். ஒரு விருந்தில் தட்டு உடைஞ்சு தெறிச்ச துண்டு கன்னத்தில் கீறி, புண் புரையோடி சில நாளில் போயிட்டார். அவருடைய தேற்றங்களில் இடைவெளிகள் இருந்தன. நம்ம எண்ணை மற்றவர்கள் மறுபடி கணக்குப் போட்டு உறுதி செஞ்சாங்க. முறையை அமெரிக்கரான டெரிக் ஹென்றி லெமர் 1930-ல் முழு நிரூபணத்தோடு சீராக்கினார். தொடக்க எண்ணை 4-ஆக வெச்சா எல்லா ஒற்றைப்படை அடுக்குக்கும் ஒரே சோதனை போதும். இன்னிக்கு அதன் பேர் லூக்கா–லெமர் சோதனை.

இதே லெமருக்கு நம்ம காவிரிப் பக்கத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1916-ல் ஆராய்ந்த 'டௌ' சார்பு அவரை வாழ்நாள் முழுக்கப் பிடிச்சு வெச்சிருந்தது. அந்தச் சார்பு தரும் மதிப்புகளில் பகா எண் எதுவும் இருக்கான்னு தேடினார். 1965-ல் கிடைச்சது: 63001-ஐப் போட்டா, குறியை விட்டுட்டுப் பார்த்தால், 26 இலக்கப் பகா எண் ஒண்ணு வருது. அதுக்கு முன்னால் ஒண்ணுகூட இல்ல.

முதலிடம் போன நாள்

1951-ல் ஃபெரியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் மேசைக் கால்குலேட்டரைச் சுத்தி 44 இலக்கப் பகா எண்ணைப் பிடிச்சார்: 2¹⁴⁸ + 1-ஐ 17-ஆல் வகுத்து வர்ற எண். அதே வருஷம் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கம்ப்யூட்டரை வெச்சு 79 இலக்கத்துக்குப் போனாங்க. அது எப்படிப்பட்ட எண் தெரியுமா? லூக்காவின் எண்ணை வர்க்கப்படுத்தி, 180-ஆல் பெருக்கி, 1 கூட்டினது. பழைய ராஜா தோள் மேல ஏறித்தான் புது ராஜா வந்தார்.

1952 ஜனவரி 30 அன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஸ்வாக் என்ற இயந்திரத்தில் ராபின்சன் எழுதின புரோகிராம் ஓடியது. அந்த இயந்திரத்தைப் பார்க்காமலேயே கையேட்டை வெச்சு எழுதின கோட். 2⁵²¹ − 1, 2⁶⁰⁷ − 1 ரெண்டும் ஒரே நாளில் கிடைச்சது. உள்ளே ஓடினது லூக்கா–லெமர் சோதனைதான்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. மெர்சென் வடிவ எண்ணுக்குத்தான் இவ்வளவு சுலபம். எந்த எண்ணைக் கொடுத்தாலும், சந்தேகத்துக்கு இடமில்லாம, நியாயமான நேரத்தில் பதில் சொல்ற வழி 2002 ஆகஸ்டில்தான் வந்தது. ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வாலும், அப்போதான் பி.டெக் முடிச்ச நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் கொடுத்தது. அகர்வால் அதுக்கு முன்னால், 1993 முதல் 1995 வரை, சென்னையில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியில் இருந்தவர். இப்போ நாம சென்னை கணிதக் கழகம்னு சொல்றது அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான்.

சரி, இதால் என்ன?

உங்க போனில் மெசேஜ் பூட்டப்படற இடத்துக்கு வருவோம். பூட்டற கணக்குகள் பல, ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்த மீதிகளை வெச்சு நடக்குது. அந்த எண் பகா எண் இல்லைன்னா பூட்டு பலவீனமாகும். அதனால் 'அனேகமா சரி'ங்கறதைவிட நிரூபணம் முக்கியம். வேகமும் வேணும். மடிச்சுக் கூட்டினா மீதி வர்ற எண்தான் வேகம். 1952-ல் கிடைச்ச 2⁵²¹ − 1 இன்னிக்கு அமெரிக்க அரசுத் தரத்தில் இருக்கற ஒரு மறைகுறியாக்க வளைவின் அடிப்படை. வாட்ஸப்பும் சிக்னலும் பயன்படுத்தற வளைவு 2²⁵⁵ − 19 மேல நிக்குது. கிட்டத்தட்ட அதே வடிவம். லூக்காவின் 2¹²⁷ − 1 மேலயே 2015-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஃபோர்க்யூன்னு ஒரு வளைவு கட்டினாங்க. கையால் போடறதுக்கு வசதியா இருந்த அதே குணம்தான் சிப்புக்கும் வசதி.

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடிச்ச 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 எண்ணுக்கு 4,10,24,320 இலக்கம். ஜிபியுக்கள் வேற சோதனையில் அடையாளம் காட்டினாலும், கடைசி முத்திரை குத்தினது லூக்கா–லெமர் சோதனைதான்.

பகா எண்களுக்கு முடிவில்லைன்னு யூக்ளிட் எப்பவோ நிரூபிச்சாச்சு. 39 இலக்கத்துக்கு மேல எண்ணிலடங்கா பகா எண்கள் 1876-லயும் இருந்தன. லூக்காவின் எண் 75 வருஷம் முதலிடத்தில் இருந்தது அது ரொம்பப் பெரிசுங்கறதால் இல்ல. ஒரு மனுஷன் சரிபார்க்க முடிஞ்ச எண்களில் பெரிசுங்கறதால்.

போறதுக்கு முன்னால் ஒரு சங்கிலி. 2-ஐ எடுங்க. 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1 நம்ம எண். எல்லாமே பகா எண். அடுத்தது, நம்ம எண்ணையே அடுக்கில் போட்டு ஒண்ணைக் கழிச்சது. அதில் எத்தனை இலக்கம்னு எழுதவே 38 இலக்கம் வேணும். அது பகா எண்ணா? யாருக்கும் தெரியாது. லூக்காவின் சோதனையை வெச்சாகூட 39 இலக்க எண்ணிக்கையில் படிகள் போடணும்; இன்னிக்கு இருக்கற எந்த இயந்திரத்தாலும் ஆகாது. இன்னொரு கதவு எங்கயாவது இருக்கணும். 3-இல் தொடங்கற அந்தச் சோதனையை 2¹⁹ − 1-க்கு நீங்களே போட்டுப் பாருங்க. பத்து வரி கோட், பதினேழாவது படியில் பூஜ்யம் வரும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.